செப்புக் காசின் மதிப்பை அறிந்தவர்

வீட்டில் பழைய நாணயம் ஒன்று கிடந்தால் அதற்குப் பல இலட்சம் ரூபாய் கிடைக்கும் என்று ஆசை காட்டும் விளம்பரங்கள், கைப்பேசி வைத்திருக்கும் எவரையும் இன்று வந்தடைகின்றன. நம்பியவரிடம் முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். பிறகு வரி, அதன்பின் தரகு என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி இவ்வாறு ஏமாற்றுவோரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் மாதம் பொதுமக்களுக்கு அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

மோசடிக்காரர்களைக் காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. பழங்காசைக் கண்டவுடன் அது என்ன விலை போகும் என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கொல்லிமலையில் அரியூர் நாட்டில் வாழும் நான், நாணயங்களில் எனக்கு ஈடுபாடு உண்டு என்று அறிந்தவர்கள் கொண்டுவந்து காட்டும் காசுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். உழும்போது கிடைத்தது, பாட்டியின் சுருக்குப் பையில் இருந்தது, பழம்பாத்திரம் எடுக்க வந்தவரிடம் வாங்கியது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கொண்டுவருபவர் விலையைக் கேட்கிறார். இது எங்கே கிடைத்தது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், 130 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட சர் வால்டர் எலியட். தென்னிந்திய நாணயவியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் என்று ஆய்வாளர்கள் போற்றும் அவருடைய வாழ்க்கையை இன்றைய வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

எலியட் 1803இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்த ஹெய்லிபரி கல்லூரியில் படித்து, 18 வயதில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். புதிதாக வரும் இளைஞர்கள் அன்று புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இந்நாட்டு மொழிகளைக் கற்க வேண்டும். அங்கே தமிழிலும் இந்துஸ்தானியிலும் பெற்ற தேர்ச்சிக்காக அவருக்கு 1,000 வராகன் பரிசளிக்கப்பட்டது. நாணயங்களை ஆராயப் பிறந்தவருக்குத் தமிழ் அளித்த முதல் வருமானம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த 1,000 வராகனின் கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தால் அன்றைய பண முறை விளங்கும். சென்னை மாகாணக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசுகள். எலியட் பெற்ற பரிசு 33 இலட்சத்து 60 ஆயிரம் காசுகளுக்குச் சமம். வராகன் பொன், பணம் பொன் அல்லது வெள்ளி, காசு செம்பு. வராகனை வணிகரும் அதிகாரியும் கண்டிருப்பர். உழவரும் கூலித் தொழிலாளரும் வாழ்நாள் முழுவதும் கையாண்டது செப்புக் காசைத்தான். ஐரோப்பியர் கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்க வழங்கிய ‘கேஷ்’ என்னும் சொல், போர்த்துகீசியர் வாய்வழியாகச் சென்ற நம் ‘காசு’தான்.

கல்லூரியை விட்டு வெளிவந்த எலியட், 1823இல் சேலம் மாவட்ட ஆட்சியரின் உதவியாளராக முதற்பணி ஏற்றார். நாமக்கல் பகுதியும் கொல்லிமலையும் நெடுங்காலம் சேலத்தோடு இருந்தவை. 1997இல்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அந்த வகையில் அவருடைய ஆட்சிப் பணியின் தொடக்கம் எங்கள் மண்ணோடு தொடர்புடையது. ஆனால் சேலத்தில் அவர் நீடிக்கவில்லை. விரைவிலேயே தென் மராட்டியப் பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கே 1824இல் கித்தூர் அரசி சென்னம்மா கம்பெனியை எதிர்த்து எழுந்தபோது, ஆட்சியர் தாக்கரே போரில் கொல்லப்பட்டார். 21 வயது எலியட்டும் ஸ்டீவன்சன் என்ற மற்றோர் அதிகாரியும் சிறைபிடிக்கப்பட்டுச் சில வாரங்கள் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்தனர்.

விடுதலை பெற்றபின் 1833 வரை அவர் தார்வாட் பகுதியில் பணியாற்றினார். அந்த ஆண்டுகளில் கோயில் சுவர்களிலும் நடுகற்களிலும் இருந்த 595 கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்து தொகுத்தார். சாளுக்கியர் வரலாற்றை இலக்கியக் கதைகளிலிருந்து விடுவித்துச் சான்றுகளின் மீது நிறுத்திய தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று. கல்வெட்டைப் படித்தவருக்குக் காசையும் படிக்க வேண்டும் என்று தோன்றியது இயல்பே. கல்வெட்டு ஓரிடத்தில் நிற்கும்; காசோ ஊர் ஊராகச் செல்லும். முன்னது அரசன் சொல்ல விரும்பியதைச் சொல்லும். பின்னது அவன் ஆணை எதுவரை செல்லுபடியாயிற்று என்பதைக் காட்டும்.

விடுமுறையில் தாயகம் சென்று, 1836இல் சென்னை ஆளுநராக நியமிக்கப்பட்ட எல்பின்ஸ்டன் பிரபுவின் தனிச்செயலராக அவர் மீண்டும் புறப்பட்டு வந்தார். 1845இல் பஞ்சத்தால் சீர்குலைந்திருந்த குண்டூர்ப் பகுதியின் வருவாய் நிலையை ஆராய அனுப்பப்பட்டார். பின்னர் வட சர்க்கார் பகுதி முழுவதற்கும் ஆணையரானார். அங்கே இருந்தபோதுதான் அமராவதிப் பௌத்தத் தூபியை அகழ்ந்து, அதன் சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பினார். 1854இல் ஆளுநரின் ஆலோசனை அவையில் உறுப்பினரானார். ஆளுநர் ஹாரிஸ் பிரபு உடல்நலம் குன்றியிருந்ததால், 1858இல் இந்திய ஆட்சியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட விக்டோரியா அரசியின் பிரகடனத்தைச் சென்னையில் அறிவிக்கும் பொறுப்பும் மூத்த உறுப்பினரான அவரிடமே வந்தது.

அவருடைய ஆர்வங்கள் பலதுறைப்பட்டவை. புறாக்கள், கோழிகள் ஆகியவற்றின் தோல்களைச் சார்லஸ் டார்வினுக்கு அனுப்பி அவருடைய ஆராய்ச்சிக்கு உதவினார். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் மூங்கில் அணத்தான் என்னும் சிறு விலங்கின் அறிவியல் பெயரில் எலியட்டின் பெயரும் நம் தமிழ்ச் சொல்லும் இணைந்தே இருக்கின்றன. ஆயினும் இளமை முதல் இறுதி நாள் வரை அவரை விடாமல் பற்றியிருந்தது நாணயமே.

எலியட் நாணயங்களைத் திரட்டிய காலம் அவற்றுக்கு மிகவும் ஆபத்தான காலம். கம்பெனி தன் நாணயங்களை இங்கிலாந்திலேயே அடித்து அனுப்பத் தொடங்கியிருந்தது. பர்மிங்காம் நகரில் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ ஆலையில் நீராவி இயந்திரங்கள் 1803ஆம் ஆண்டிட்ட ஒரு காசு, ஐந்து காசு, பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைச் சென்னைக்காக அடித்துக் குவித்தன. எங்கள் மலையில் இன்றும் அவ்வப்போது கண்ணில் படும் இருபது காசு அந்த வரிசையைச் சேர்ந்தது. 1818இல் வராகன் கணக்கு கைவிடப்பட்டு ரூபாய் நடைமுறைக்கு வந்தது. சோழரும் பாண்டியரும் நாயக்கரும் பாளையக்காரரும் வெளியிட்ட காசுகள் சந்தையில் செல்லாமற்போயின. செல்லாக் காசுக்குச் செம்பின் எடைதான் விலை. அவை கன்னார் பட்டறைகளில் உருகிக் குடமும் செம்பும் ஆயின. ஓர் அரசனின் பெயரைச் சொல்லக்கூடிய ஒரே சான்று எத்தனை அண்டாக்களில் கரைந்திருக்கும் என்று எண்ணினால் நெஞ்சம் கனக்கிறது.

அதே போல்டனின் ஆலை இன்னொரு நாட்டுக்கும் செம்பு அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கூட்டரசு 1793இல் பிலடெல்பியாவில் தன் முதல் ஒரு சென்ட் நாணயங்களை அடித்தது. சங்கிலி வளையம் பொறித்த அந்த முதல் வகையில் வெளிவந்தவை 36,103 மட்டுமே. விடுதலை பெற்ற நாட்டின் காசில் சங்கிலியா என்று மக்கள் முகம் சுளித்ததால் அந்த வடிவம் விரைவில் மாற்றப்பட்டது. தரமான செம்பு கிடைக்காமல் தடுமாறிய அந்த நாணயச்சாலைக்கு, 1797 முதல் முத்திரையிடப்படாத செப்பு வட்டுகளை வழங்கியவர்களுள் போல்டன் முக்கியமானவர். ஒரே ஆலையின் செம்பு ஒருபுறம் சென்னைச் சந்தையில் காசாகவும் மறுபுறம் பிலடெல்பியா கடைவீதியில் சென்ட்டாகவும் புழங்கியது.

அமெரிக்கச் சென்ட்டுகளைத் திரட்டும் பழக்கத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் ஜோசப் மிக்லி. தாம் பிறந்த 1799ஆம் ஆண்டின் சென்ட் ஒன்றைத் தேடத் தொடங்கிய அவர், அது எளிதில் அகப்படாததைக் கண்டு வியந்து, அந்தத் தேடலிலேயே பெரும் சேகரிப்பாளரானார். அளவிற் பெரிய அந்தச் செப்புச் சென்ட் 1857இல் நிறுத்தப்பட்டதும், மறையப்போகிறதே என்ற ஏக்கத்தில் நாடெங்கும் மக்கள் அதைச் சேகரிக்கத் தொடங்கினர். இன்று உலகெங்கும் நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணிட்டு மதிப்பிடும் முறையும் இந்தச் சென்ட்டுகளுக்காக 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்ததே.

அங்கே விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன, எத்தனை பேர் விரும்புகின்றனர். பழமை மட்டும் விலையைக் கூட்டுவதில்லை. சென்னை மாகாணத்துக்காக 1808இல் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைச் சுமந்து புறப்பட்ட அட்மிரல் கார்டனர் என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து இலட்சக்கணக்கான காசுகள் மீட்கப்பட்டன. 200 ஆண்டைத் தாண்டியும் அவை இன்று மலிவாகவே கிடைக்கின்றன. அத்தனை காசுகள் உள்ளன என்பதே காரணம். பாட்டியின் பையில் இருக்கும் காசுக்கு இலட்சங்கள் தருவதாகச் சொல்பவரை நம்பும் முன் இந்தக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் சென்ட் நிறுத்தப்பட்ட அதே 1857ஆம் ஆண்டை ஒட்டித்தான், சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழ் ஒன்றில் எலியட் தம் நாணயக் கட்டுரைகளை வெளியிடத் தொடங்கினார். மிக்லியின் காசில் ஆண்டு பொறித்திருந்தது; அடித்த எண்ணிக்கை அரசுப் பதிவேட்டில் இருந்தது. எலியட்டின் கையிலிருந்த காசுகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டு இல்லை. பலவற்றில் பெயரே இல்லை. யானை, மீன், புலி, வில், காளை, கப்பல் என உருவங்கள் மட்டுமே இருந்தன. அவற்றை யார், எப்போது வெளியிட்டார் என்று அறிய அவருக்குக் கிடைத்த வலுவான துணை, காசு கிடைத்த இடம். ஆகவே அவர் இடத்தைக் கேட்டுக் குறித்துவைத்தார்.

அதன் பயனுக்குக் கப்பல் காசு நல்ல எடுத்துக்காட்டு. இரு பாய்மரங்கள் கொண்ட கப்பல் பொறித்த காசுகள், சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் கிடைப்பதை அவர் பதிவு செய்தார். அவை குறும்பரோடும் பல்லவரோடும் தொடர்புடையவை என்று கருதினார். எழுத்துகள் தெளிவாக உள்ள காசுகளை ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள், அவை சாதவாகன அரசர்களுடையவை என்று நிறுவினர். எலியட்டின் முடிவு மாறியது; அவர் குறித்த இடமும் வரைந்து காட்டிய உருவமும் அப்படியே நிலைத்தன. பதிவு செய்யப்பட்டது பிழையாகவே இருந்தாலும் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம். உருக்கப்பட்டதைத் திருத்த வழியே இல்லை.

இதனினும் நெஞ்சைத் தொடுவது உத்தம சோழனின் பொற்காசு. சோழ அரசர் ஒருவரின் பெயரோடு அறியப்படும் மிகப் பழைய காசுகளுள் அது ஒன்று. முதலாம் இராசராசனுக்கு முன் ஆண்ட அந்த மன்னனின் பொற்காசைப் பற்றி நூல்களில் படிக்கும்போது அதன் ஒளிப்படத்தைத் தேடினால் கிடைக்காது. மூலக் காசு காணாமற்போய்விட்டது. எலியட்டின் நூலில் உள்ள கோட்டோவியம்தான் இன்று அதற்குச் சான்று. பொன் போயிற்று, காகிதத்தில் வரைந்த கோடு நிலைத்தது. பழங்காசின் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

1860இல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தில் தம் குடும்ப ஊரான உல்ப்லீக்குத் திரும்பிய எலியட், மேலும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். 1866இல் சர் பட்டமும் 1878இல் இலண்டன் அரச கழக உறுப்பினர் பெருமையும் வந்தன. ஆனால் கண்ணொளி படிப்படியாகக் குறைந்து, காசின் எழுத்துகளைக் கூர்ந்து படித்தவருக்குப் பார்வையே ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. அந்த நிலையிலும், பிறர் கண்களின் துணையோடு, தென்னிந்திய நாணயங்கள் பற்றிய தம் பெருநூலை 1880களின் நடுப்பகுதியில் முடித்து வெளியிட்டார். 1887 மார்ச் 1ஆம் நாள் காலையில், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, தம் கையால் ஒப்பமிட்டார். அன்று மாலை உயிர் பிரிந்தது. தமிழ் கற்றதற்குப் பரிசு பெற்றுத் தொடங்கிய வாழ்வு, தமிழ் நூலைப் பற்றிய கடிதத்தோடு நிறைவுற்றது.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. அவர் ஒரு பேரரசின் அதிகாரி. அதன் நலனுக்காகவே உழைத்தார். அவர் அகழ்ந்தெடுத்த அமராவதிச் சிற்பங்கள் சென்னையில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவை 1859இல் இலண்டனுக்குக் கப்பலேறி, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவருடைய நாணயத் தொகுப்பும் அங்கேயே சென்றது. உருக்காலையிலிருந்து காப்பாற்றியவர் என்பதும், இந்த மண்ணிலிருந்து கொண்டுபோனவர் என்பதும் ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு உண்மைகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது முறையாகாது.

அவருக்கு மறுக்கப்பட்ட ஒரு பேறும் உண்டு. சேரரைப் பற்றி அவர் எழுதியபோது சங்க இலக்கியத்தின் பெரும்பகுதி இன்னும் ஏட்டுச் சுவடிகளிலேயே இருந்தது. அவர் மறைந்த 1887இல்தான் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. புறநானூறு 1894இலும், சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்து 1904இலும் அச்சேறின. அதற்குப் பின்னரே, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும், அவனைப் போரில் கொன்று மலையைச் சேரனுக்கு அளித்த மலையமான் திருமுடிக்காரியும் படித்த தமிழர் பலரும் அறிந்த பெயர்களாயினர்.

காசு பேசியது அதற்கும் நெடுங்காலத்துக்குப் பிறகு. கரூரில் ஓடும் ஆற்றின் பெயரும் அமராவதிதான். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஆற்று மணலிலிருந்து சங்க காலச் சேரர் காசுகள் வெளிப்பட்டன. மாக்கோதை, குட்டுவன் கோதை ஆகிய பெயர்கள் தமிழி எழுத்தில் பொறித்த வெள்ளிக் காசுகளோடு, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த செப்புக் காசும் கிடைத்தது. பொறையர் என்னும் சேரர் குடிப்பெயரோடு கொல்லி என்னும் எங்கள் மலையின் பெயர் சேர்ந்து நிற்பதாக அறிஞர்கள் விளக்குகின்றனர். நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் இத்தகைய காசுகளைத் தேடி, படித்து, படத்தோடு வெளியிட்டிராவிட்டால், புலவர்கள் பாடிய கொல்லிக்கும் சேரருக்கும் உள்ள உறவுக்கு உலோகச் சான்று இருப்பதை நாம் அறிந்திருக்க மாட்டோம். மணல் அள்ளியவர் அந்தக் காசைப் பழைய செம்பின் எடைக்குப் போட்டிருந்தால் சில ரூபாய் கிடைத்திருக்கும். எங்கள் மலை தன் பெயரை இழந்திருக்கும்.

ஆகவே, பழங்காசு கிடைப்பவர்களிடம் நான் வேண்டுவன சில. முதலாவது, அதைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். பூசைப் பாத்திரத்துக்குப் பொருந்தும் பளபளப்பு பழங்காசைக் கெடுத்துவிடும். செம்பின் மேல் படிந்த பச்சையும் கருமையும் அதன் வயதுக்குச் சான்று. தேய்த்தால் எழுத்தும் போகும், சேகரிப்பாளர் தரும் விலையும் போகும். இரண்டாவது, கிடைத்த இடம், நாள், ஆழம், உடன் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். மூன்றாவது, மண்ணுக்குள்ளிருந்து புதையலாகக் கிடைப்பது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. எலியட் உயிரோடிருந்தபோது இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தை நம் ஊர்களில் இன்றும் பலர் அறியார். அறிந்தவர்களும் அஞ்சி மறைக்கின்றனர். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியது அரசின் கடமை. முறையாகத் தெரிவிப்பவரைக் குற்றவாளியைப் போல் விசாரிக்காமல், அவர் பெயரை அருங்காட்சியகக் குறிப்பில் பொறித்துப் பாராட்டினால், மறைக்கப்படுவதில் பாதியாவது வெளிவரும்.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. கொல்லிமலையின் ஒவ்வொரு நாட்டிலும் உள்ள பள்ளியில் ஒரு பதிவேடு இருக்கட்டும். மாணவர்கள் தங்கள் வீடுகளில் உள்ள பழங்காசுகளின் எடை, விட்டம், இருபக்க உருவம், கிடைத்த இடம் ஆகியவற்றை அதில் குறிக்கட்டும். காசு வீட்டிலேயே இருக்கட்டும். சேலத்திலும் கரூரிலும் உள்ள அரசு அருங்காட்சியக அலுவலர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவேடுகளைப் பார்வையிடலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு தராசு, ஓர் அளவுகோல், ஒரு பென்சில் போதும். காணாமற்போன உத்தம சோழன் காசு இன்றும் வரலாற்றில் இருப்பது, ஒருவர் அதைப் பார்த்து வரைந்துவைத்ததால்தான்.